பத்து கிலோ பொன்னி அரிசி

டோக்கன் இருபத்து மூன்று, உள்ளே போயிருப்பது பதினாறு, நடுவில் ஆறு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தால் அரை மணி, ஆனால் டாக்டர் பெனடிக்ட் ஊசியைக் குத்திவிட்டு ஊர்க்கதை பேசுகிற மனுஷன், ஆகவே முக்கால் மணி, இப்போது ஐந்து பத்து, அப்படியானால் ஐந்து ஐம்பத்தைந்து, ஆறு மணிக்குள் மருத்துவச் சான்றில் கையெழுத்து வாங்கி அதைப் படம் பிடித்து டேராடூனில் இருக்கிற மலையேற்றக் கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும், ஐந்து நிமிஷம் இருக்கிறது, போதும், போதுமா, என்று அகிலாண்டம் நாலாவது தடவையாகக் கணக்குப் போட்டாள். முப்பத்து நாலு வருஷம் திருச்சி ஜங்ஷனில் ரிசர்வேஷன் கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து, வரிசையில் நிற்கிறவர்களின் முகத்தையே பார்த்துப் பழகியவளுக்கு வெளிப்பக்கம் உட்காரத் தெரியவில்லை. மே மாதம் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அறுபது வயசு. தில்லை நகரில் மாடி மேல் இருந்த அந்த கிளினிக்கில் மின்விசிறி தலைக்கு மேல் ஆடி ஆடிச் சுற்றியது, பக்கத்து நாற்காலியில் கட்டை விரலில் பெரிய கட்டோடு ஒருவர் உட்கார்ந்து அவள் கையிலிருந்த காகிதத்தை எட்டி எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும், இங்கிலீஷில்தானே இருக்கிறது என்று நினைத்தவள் கொஞ்ச நேரம் கழித்து அதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு, அதற்குமேல் ரத்த அழுத்தம் இருக்கக் கூடாது என்று அந்தக் காகிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே நுழைந்ததுமே சிஸ்டர் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டு நூற்று ஐம்பத்தெட்டு, தொண்ணூற்றாறு என்றாள், என்னம்மா, ஓடி வந்தீங்களா, டென்ஷன் ஆகாம உக்காருங்க, டாக்டர் திரும்பப் பார்ப்பார். டென்ஷன் ஆகாதே என்று சொன்னால் ஆகாமல் இருக்குமா? வீட்டில் காலையில் பார்த்தபோது நூற்று இருபத்தாறு, சத்தியமாய் நூற்று இருபத்தாறு, இந்தப் பட்டையில்தான் ஏதோ கோளாறு. பன்னிரண்டாயிரத்து ஐநூறு அடி. டேராடூனிலிருந்து பத்து மணி நேரம் ஜீப், சாங்க்ரி என்று ஒரு ஊர், அங்கிருந்து நடந்து ஏறினால் கேதார்காந்தா சிகரம், பனி முழங்கால் வரைக்கும் இருக்குமாம், டிசம்பரில். பனியை அவள் ஃப்ரீசரில்தான் பார்த்திருக்கிறாள், அதையும் கரண்டியால் சுரண்டி எறிந்திருக்கிறாள். மூச்சு வாங்கும், தலை வலிக்கும், வாந்தி வரும், தலைவலி நிற்கவில்லை என்றால் உடனே கீழே இறக்கிவிடுவோம் என்று வீடியோவில் ஒரு தாடிக்காரப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். எல்லாரும் இருபது, இருபத்தைந்து வயசுக்காரர்கள், நடுவில் அறுபது வயசில் ஒருத்தி, அதுவும் ஆன்ட்டி ஆன்ட்டி என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள், ராத்திரி கூடாரத்திலிருந்து ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் அந்தக் குளிரில் எத்தனை ஜிப்பைக் கழற்றுவது. ஏன்டி உனக்கு இந்த வேலை?

ஆனால் இந்தப் படபடப்பு மலையால் வந்ததில்லை. மதியம் சாப்பிட்டு முடித்துக் கணினியில் அந்தப் படிவத்தை நிரப்பினாள் இல்லையா, அதில் வந்தது. பெயர், வயசு, ரத்த வகை, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர். எத்தனை ஆயிரம் படிவத்தை அடித்த விரல்கள், கட்டத்தைப் பார்த்தால் கை தானாக ஓடும், மூளையைக் கேட்காது. மாத்ருபூதம், கணவர், அவருடைய மொபைல் எண், அனுப்பு. அனுப்பியும் ஆயிற்று. மூன்று நிமிஷத்தில் பதில் வந்து நின்றது, இன்று ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் உங்கள் கணவரை அழைத்து, நீங்கள் வருவது அவருக்குத் தெரியுமா என்று உறுதிசெய்வோம், ஆறுக்குள் மருத்துவர் சான்றும் வராவிட்டால் உங்கள் இடம் காத்திருப்போருக்குப் போகும். காத்திருப்போர்! அவளிடமே! அவர்களை அழைத்து மாற்றச் சொல்லலாம் என்றால் அந்த எண்ணில் ஒரே பாட்டு, இரண்டு தடவை முழுப் பாட்டையும் கேட்டாள், ஒருத்தரும் எடுக்கவில்லை. கிளம்பும்போது மாத்ருபூதம் கட்டிலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். முட்டி வலிக்குது, பெனடிக்ட்டைப் பார்த்துட்டு வரேன் என்று மதியமே சொல்லி வைத்திருந்தாள். தலைமாட்டில் இருந்த அவருடைய மொபைலை எடுத்துச் சத்தத்தை அணைத்து, ஃப்ரிட்ஜுக்கு மேல், பழைய காலண்டருக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தாள். திருடி மாதிரி. போன வருஷம் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்த மனுஷனின் போனை ஒளித்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள், இப்போது அவருக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வார், தலைமாட்டில் தடவுவார், போன் இருக்காது, ஐயோ, என்ன காரியம் செய்தேன். ஒன்றும் ஆகாது, ஒரு மணி நேரம்தானே என்று சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டதும் மலையில் நாலு நாள் சிக்னலே கிடையாது என்பது ஞாபகம் வந்தது.

சொல்லியிருக்கலாம். செப்டம்பரிலேயே சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். எல்லாம் அந்த அரிசியால் வந்தது. முதுகில் எட்டுப் பத்துக் கிலோ சுமந்து படியேறிப் பழகுங்கள் என்று டேராடூன்காரர்கள் எழுதியிருந்தார்கள், திருச்சியில் படிக்கு எங்கே போவது, மலைக்கோட்டையை விட்டால்? நானூற்றுச் சொச்சம் படி. பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டையை அப்படியே பைக்குள் இறக்கி முதுகில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் ஏறினாள். ஷூவைப் போட்டுப் பழகச் சொல்கிறார்கள், கோயில் படியில் ஷூ போட்டால் செருப்படிதான் விழும், ஆகவே வெறுங்கால். இப்போது நீங்களே சொல்லுங்கள், அறுபது வயசுப் பெண்பிள்ளை, வெறுங்கால், முதுகில் அரிசி மூட்டை, நிற்காமல் உச்சிப் பிள்ளையார் வரைக்கும் ஏறி இறங்குகிறாள், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மூன்றாம் நாளே கீழே பூ விற்கிற ஜெகதா கேட்டுவிட்டாள், வேண்டுதலாக்கா? அகிலாண்டத்துக்கு மூச்சு வாங்கியது, பேச முடியவில்லை, தலையை ஆட்டினாள். அந்த ஒரு தலையாட்டல்தான். அடுத்த வாரம் மாத்ருபூதம் கடைத்தெருவுக்குப் போனபோது ஜெகதா அவரை நிறுத்தி வைத்து, அண்ணே, நீங்க குடுத்து வச்சவரு, உங்க உசுருக்காக அக்கா பத்து கிலோவைச் சுமந்து ஏறுது என்று உருகி உருகிச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவள் படியிறங்கி உறையூர் வந்து கதவைத் திறந்தால் சமையலறையில் அடுப்பு எரிகிறது, இவர் காபி போட்டுக்கொண்டிருக்கிறார். முப்பத்தைந்து வருஷத்தில் அடுப்பைப் பற்ற வைக்காத மனுஷன். சர்க்கரை கால்வாசிகூட இல்லை, கழுநீர் மாதிரி ஒரு காபி. அதைக் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்றாள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

இன்றோடு நாற்பத்தாறு நாள். நாற்பத்தெட்டாவது நாள் வெள்ளிக்கிழமை, அன்றைக்கு அந்த அரிசியை அன்னதானத்துக்குக் கொடுப்பதாய் அவரே பேசி வைத்துவிட்டார், கும்பகோணத்திலிருந்து நாத்தனாரைக்கூட வரச் சொல்லியாயிற்று. அதே படி. இருபத்தெட்டு வயசிலிருந்து முப்பத்தேழு வயசு வரைக்கும் அவள் குழந்தைக்காக ஏறின அதே படி, அப்போது மாமியார் முன்னால் போவாள், இவள் பின்னால், ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் வைத்து. பிள்ளையார் கொடுக்கவில்லை, அவள் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அப்புறம் மாமனாரின் கண் ஆபரேஷனுக்கு, அப்புறம் இவருடைய மின்வாரிய புரமோஷனுக்கு, போன வருஷம் நிஜமாகவே இவருடைய நெஞ்சுக்கு. யாருக்காவதுதான் ஏறியிருக்கிறாள். இந்தத் தடவை மட்டும் நூற்றைம்பதாம் படிக்கு மேல் தொடை நடுங்குகிறபோது, மூச்சு தொண்டையில் அடைக்கிறபோது, உள்ளே ஒரு சந்தோஷம் வருகிறது பாருங்கள், அதை யாரிடம் சொல்வது, வெட்கமாய் இருக்கிறது. கட்டை விரல்காரர் ஏதோ கேட்டார். என்ன? மணி என்னங்க? ஐந்து இருபத்திரண்டு. உள்ளே போயிருப்பது பதினெட்டு.

மலையோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அங்கே இறங்கின பிறகு லக்னோ, லக்னோவிலிருந்து திப்ருகர். எதற்கு என்றால், அது ஒரு கதை. பதினைந்து வருஷம் இருக்கும், ஒரு மதியம் கவுன்ட்டரில் ஒரு அம்மா வந்து நின்றாள், ஐம்பது வயசு, கசங்காத பச்சைப் புடவை, கையில் படிவம் இல்லை. ரொம்பத் தூரம் போற வண்டிக்கு ஒரு டிக்கெட் குடும்மா என்றாள். எந்த ஊருக்கு? எந்த ஊரா இருந்தாலும் சரி, தூரமா இருக்கணும். அகிலாண்டம் சிரித்தாள், பக்கத்து கவுன்ட்டரில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டிச் சிரித்தாள், எங்க போகணும்னு தெரியாம வந்தா எப்படி, போய் ஃபாரம் எழுதிட்டு வாங்க, அடுத்தது யாரு? அந்த அம்மா திரும்ப வரவில்லை. அந்தப் பச்சைப் புடவை போன வழியையே பார்த்துக்கொண்டு அன்றைக்கு முழுக்கத் தப்பும் தவறுமாய் டிக்கெட் அடித்தாள். இருக்கிறதிலேயே தூரம் என்றால் திப்ருகர், சொல்லியிருக்கலாம், ஈரோடு போய் ஏறுங்கள், மூன்று ராத்திரி, இறங்கினால் பிரம்மபுத்திரா என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். இப்போது அங்கே இவள் போகப் போகிறாள், அங்கே யாரும் இல்லை, ஒன்றும் இல்லை, ஆற்றைப் பார்க்க வேண்டும் அவ்வளவுதான். போகிற டிக்கெட் எல்லாம் போட்டாயிற்று. வருகிற டிக்கெட்டைப் போட ஏழு தடவை கணினியைத் திறந்தாள், தேதி கேட்கிற கட்டத்துக்கு வந்ததும் அத்தனை வேகமாய் ஓடுகிற விரல் அங்கே மட்டும் நின்றுவிடுகிறது. திரும்பி வரமாட்டோம் என்றா நினைக்கிறாள்? இல்லையே. வராமல் எங்கே போவாள். இருந்தும் கை வரவில்லை, ஊர் முழுக்கப் போகவும் வரவும் டிக்கெட் போட்டுக் கொடுத்த கை.

படிவத்தில் மாற்று எண் என்று ஒன்று இருந்ததே, அங்கே என்ன எழுதினோம்?

வீட்டு லேண்ட்லைன். முப்பது வருஷமாய் எல்லாப் படிவத்திலும் எழுதுகிற அதே எண், கூடத்தில், கட்டிலிலிருந்து ஆறடியில், ஊருக்கே கேட்கிற மணியோடு. கைப்பையைக் கிண்டி மொபைலை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். எங்கேஜ்டு. மறுபடி அடித்தாள். எங்கேஜ்டு. போச்சு. பேசிக்கொண்டிருக்கிறார்கள், இந்த நிமிஷம் டேராடூனிலிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் கொட்டுகிறாள், இவர் தூக்கக் கலக்கத்தில் நின்று கேட்கிறார். காது மடல் சுட்டது, கையில் பட்டை இல்லாமலேயே பட்டை இறுக்குகிற மாதிரி இருந்தது, இப்போது பார்த்தால் நூற்று எண்பது காட்டும். ஐந்து நிமிஷம் பொறுத்து அடித்தாள், மணி போனது, போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. கோபமா? கோபம் வந்தால் அவர் போனை எடுத்துக் கத்துகிற ரகம், எடுக்காமல் இருக்கிற ரகம் இல்லை. விழுந்துவிட்டாரா, கூடத்தில், போன் பக்கத்தில், மொபைல் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறதே, யாரைக் கூப்பிடுவார், கத்தினாலும் தெருவுக்குக் கேட்காதே. மலையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் பிள்ளையாரப்பா, அவர் போனை எடுத்தால் போதும், என்று வேண்டிக்கொண்டே எழுந்தாள். இந்த நாற்பத்தாறு நாளில் அவள் நிஜமாய் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. இருபத்தொன்று என்று சிஸ்டர் கூப்பிட்டாள், கட்டை விரல்காரர், நீங்க இருபத்து மூணுதானேம்மா, உக்காருங்க என்றார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு படி, நிற்கிறது, இரண்டு படி, நிற்கிறது. அந்தச் செருப்பை அவளுக்குத் தெரியும்.

மொத்தம் இருபத்திரண்டு படி, வரும்போது எண்ணியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவர் மொட்டை மாடிக்குக்கூட ஏறினதில்லை. வாசலில் வந்து நின்ற மாத்ருபூதம் வீட்டு வேட்டியோடு, சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்வையாய் அவளையே தேடிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"உனக்கு என்ன?" என்றார். மூச்சு வாங்கியது. "வடக்கேருந்து ஒரு பொண்ணு, எமர்ஜென்சிங்குது, அகிலாண்டம்ங்குது, மெடிக்கல்ங்குது. எனக்கு ஒண்ணும் விளங்கலை. உன்னைக் கூப்பிடலாம்னா மொபைலைக் காணோம், உன் நம்பர் எனக்கு மனப்பாடமா என்ன? என்கிட்ட மறைச்சு ஏதாவது பெரிய வியாதியை வச்சிருக்கியா? வேண்டுதல் எனக்கில்லையா, உனக்கா? சொல்லிடு அகிலா."

"வியாதி எல்லாம் இல்லைங்க. முதல்ல தண்ணி குடிங்க."

"சொல்லு."

"வேண்டுதலே இல்லை," என்றாள் அகிலாண்டம். "மலையேறப் போறேன். இமயமலைக்கு. அதுக்குப் பழகறதுக்குத்தான் அரிசி."

அவர் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் இனிமேல் வாய் வராது என்று தெரியும், டிசம்பர், பனி, ஆறு நாள், அதில் நாலு நாள் சிக்னல் கிடையாது, அப்புறம் லக்னோ, அப்புறம் திப்ருகர் என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

"திப்ருகர்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லை."

"எப்பத் திரும்பி வர்றே?"

"டிக்கெட் இன்னும் போடலை."

"என் மொபைல்?"

"ஃப்ரிட்ஜ் மேல. காலண்டருக்கு அடியில." அவர் நெற்றியை முந்தானையால் ஒற்றினாள். "நான்தான் வச்சேன். தப்புத்தான். உங்களுக்கு என்ன ஆச்சோன்னு இங்க எனக்கு உசுரே போயிடுச்சு."

கட்டை விரல்காரர் சுவரிலிருந்த கண் படத்தைப் படிப்பது மாதிரி பாவனை செய்தார். இருபத்திரண்டு உள்ளே போனது. பிறகு மாத்ருபூதம் மெதுவாக, "நாப்பது நாளா காபி போடறேன், எனக்காக ஏறிட்டு வர்றாளேன்னு," என்றார்.

"தெரியும்."

"நல்லா இருந்துதுன்னே. அதாச்சும் நிஜமா?"

அகிலாண்டத்துக்கு இன்றைக்கு இனிமேல் பொய் சொல்ல வரவில்லை. "சர்க்கரையே இல்லைங்க. கழுநீர் மாதிரி இருக்கும்."

"அடிப்பாவி," என்றார். அவர் வாய் கோணியது, அழுகிறாரோ என்று பயந்தாள், சிரிப்புத்தான் பாதி. "ஒரு நாள் சொல்லியிருந்தா இன்னொரு கரண்டி போட்டிருப்பேனே. இதை எல்லாம் சொல்லாம இருக்கறதுக்கு என்ன இருக்கு? நான் என்ன உன்னைக் கட்டியா போட்டேன்?"

கட்டிப் போட்டது அவரில்லை என்று அவளுக்கும் தெரியும், யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அதனால் அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்து ஒழுங்காய் மாட்டிவிட்டாள். இருபத்து மூன்று என்று சிஸ்டர் கூப்பிட்டாள். ஐந்து ஐம்பத்து நாலு. அகிலாண்டம் எழுந்திருக்கவில்லை.

"போ, கூப்பிடறாங்க," என்றார். அவள் நாலடி நடந்த பிறகு, "அகிலா, வர்ற டிக்கெட்டு ஒண்ணு போட்டு வை. வெயிட்டிங் லிஸ்ட்டா இருந்தாலும் பரவாயில்லை."

"போடறேங்க."

பெனடிக்ட் கதை பேச ஆரம்பித்தார், நேரமில்லை டாக்டர் என்று சொல்லிக் கையை நீட்டினாள். பட்டை இறுகியது, அவள் கண்ணை மூடிக்கொண்டாள், இருபத்திரண்டு படி ஏறின மனுஷன் வெளியே உட்கார்ந்திருக்கிறார், அவரைத்தான் முதலில் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள், பேசாதீங்கம்மா என்றார் டாக்டர். காற்று மெல்ல இறங்கியது. நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தெட்டு. மயிரிழையில். கன்ஃபர்ம் என்று சொல்ல முடியாது, ஆர்.ஏ.சி., அரை இருக்கைதான், ஆனால் ஆர்.ஏ.சி. என்றால் வண்டியில் ஏறிக்கொள்ளலாம், எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள், பயப்படாம ஏறிடுங்க என்று. அப்புறம் அவரையும் ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர் என்றாள். டாக்டர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது திரைக்கு அந்தப் பக்கம் கட்டை விரல்காரரின் குரல் கேட்டது.

"இமயமலைக்கா போறாங்க? ஏதாவது பிரார்த்தனைங்களா?"

"இல்லைங்க," என்றார் மாத்ருபூதம். "அவளுக்குப் போகணுமாம். போறா."

டாக்டருக்குப் பேனா கிடைத்தது. அப்புறம் அவரே, கேட்காமலே, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"பத்து கிலோ அரிசியை முதுகுல போட்டுக்கிட்டு மலைக்கோட்டையை நிக்காம ஏறுவா, தெரியுமா உங்களுக்கு?"